மூடிய கைக்குக் கொடுத்த வாக்கு

சைகோன் பிள்ளைகள் வகுப்பில் கை தூக்குவதை முதன்முதலாகப் பார்க்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும். நம் ஊர்ப் பிள்ளைகள் மாதிரி பெஞ்சைவிட்டு எம்பி, "மிஸ், மிஸ்" என்று கத்தி, பக்கத்துப் பையனின் கண்ணைக் குத்தப் பார்க்கிற கதையெல்லாம் அங்கே கிடையாது. இடது கை மேசைமேல் மடங்கிப் படுத்திருக்கும். வலது முழங்கை மேசையைவிட்டு எழும்பாது. முன்கை மட்டும் நட்டுவைத்த கம்பாக நிற்கும். நகரத்தின் பெயரை ஹோ சி மின் என்று மாற்றி நாற்பது வருஷம் ஆகிவிட்டது, ஆனாலும் ஜனங்கள் வாயில் இன்னும் சைகோன்தான். பழகியது லேசில் போகாது.

நஸீம் பானு காரைக்காலில் பல வருஷம் கணக்கு டீச்சராக இருந்தவள். கணவன் சலாஹுதீனுக்கு இங்கே ஆயத்த ஆடை ஏற்றுமதி செய்யும் நிறுவனம் ஒன்றில் வேலை கிடைத்ததும் கூடவே வந்தாள். ஏழாவது மாவட்டத்தில் ஒரு தனியார் பள்ளியில் நான்காம் வகுப்புக்கு ஆங்கிலத்தில் கணக்குச் சொல்லிக்கொடுக்கச் சேர்ந்தாள். பிள்ளைகள் அவளைக் 'கோ பானு' என்றார்கள். 'கோ' என்றால் டீச்சர். அத்தை என்றும் அர்த்தம். இரண்டில் எது என்று கூப்பிடுகிற குரலை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

வந்த புதிதில் அவளுக்குப் பெரிய ஆசை ஒன்று இருந்தது. ஏதோ ஒரு பயிற்சி முகாமுக்குப் போய்விட்டு வந்திருந்தாள். பிள்ளைகளைப் பிள்ளைகள் போக்கில் விடு, அவர்களே தேர்ந்தெடுக்கட்டும், அப்போதுதான் மனசு பாடத்தில் ஒட்டும் என்று அங்கே சொன்னார்கள். சொன்னது பொய்யில்லை. ஆனால் பாதிதான் சொன்னார்களா, இவள் பாதிதான் கேட்டாளா தெரியாது. திங்கட்கிழமை வகுப்பில் நுழைந்து, "இன்றைக்கு உங்களுக்குப் பிடித்த கணக்கைப் பிடித்த மாதிரி செய்யுங்கள்" என்று அறிவித்தாள். அரை மணி நேரத்தில் வகுப்பு மீன் மார்க்கெட் ஆகிவிட்டது. தூங் என்ற பையன் நாற்காலிகளை அடுக்கிக் கோபுரம் கட்டினான். பெயர்தான் தூங், அவனைப் போல் தூங்காத பையனை அவள் பார்த்ததில்லை. இரண்டு பேர் அழுதார்கள். மற்றவர்கள்தான் அவளை அதிகம் கலங்கடித்தார்கள். நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, "கோ, நாங்கள் என்ன செய்ய வேண்டும்?" என்று வரிசையாக வந்து கேட்டார்கள். விட்டுக்கொடுப்பது வேறு, கைவிடுவது வேறு என்று அன்றைக்கு அவளுக்குப் புரிந்தது.

அடுத்த வாரம் மறுகோடிக்கு ஓடினாள். எந்த நேரத்தில் எந்தக் கணக்கு, எந்தப் பேனா, எத்தனை வரி விட வேண்டும் என்று எல்லாவற்றையும் அவளே வகுத்தாள். வகுப்பு ஊசி விழுந்தால் கேட்கிற அமைதிக்கு வந்தது. எல்லோரும் எழுதினார்கள். ஆனால் கண்களைப் பார்த்தால் ஐஸ் பெட்டியில் கிடக்கிற மீனின் கண்கள். உடம்பு வந்திருந்தது, பிள்ளைகள் வரவில்லை.

பிறகு அவள் ஒரு நடுவழியைக் கண்டுபிடித்தாள். பந்தல் இல்லாமல் கொடி ஏறாது, அதற்காகக் கொடியைப் பந்தலில் வைத்து ஆணியடிக்கவும் முடியாது. வாரத்துக்கு உரிய வேலைகளைக் கரும்பலகையில் எழுதிவிடுவாள். எல்லாவற்றையும் முடித்தே ஆக வேண்டும், அதில் பேச்சே இல்லை. எதை முதலில் செய்வது, யாரோடு உட்கார்ந்து செய்வது, படம் போட்டா, எழுதியா, பேப்பரை வெட்டியா என்பது அவரவர் பாடு. டீச்சர் விளக்கும்போது யாரும் பேசக் கூடாது. பிள்ளைகள் விளக்கும்போது டீச்சர் பேசக் கூடாது. இந்தக் கடைசி விதியை தூங்தான் போட்டான். விதிகளைப் பிள்ளைகளோடு உட்கார்ந்துதான் போட்டாள்.

மூடிய கையும் அப்படி வந்ததுதான். தெரிந்தவன் கை தூக்குகிறான், தெரியாதவன் தூக்குவதில்லை, ஆனால் யோசித்துக்கொண்டிருக்கிறவன் என்ன செய்வான் என்று ஒரு நாள் கேட்டாள். பேசிப் பேசி ஒரு முடிவுக்கு வந்தார்கள். பதில் தெரிந்தால் விரித்த கை. யோசித்துக்கொண்டிருந்தால் மூடிய கை. மூடிய கை என்றால், 'ஆரம்பித்துவிட்டேன், இன்னும் முடியவில்லை, என்னை விட்டுவிடாதே' என்று அர்த்தம். அதற்கு டீச்சர் தரப்பில் ஒரு வாக்கு இருந்தது. மூடிய கையை அவள் பார்த்துவிட்டால், வகுப்பு முடிவதற்குள் அந்தப் பிள்ளையிடம் திரும்பி வந்தே தீர வேண்டும்.

"மறந்துட்டா?" என்று தூங் கேட்டான்.

"மறக்க மாட்டேன்" என்றாள்.

மறக்கவும் இல்லை. பாதிப் பேர் கை மூடியே நின்றாலும் ஒவ்வொருவரிடமாகத் திரும்பிப் போனாள். போகப் போக அவளுக்கு அந்த மூடிய கைகள்தான் பிடித்துப்போயின. விரித்த கைகளை ஒரு பார்வை பார்ப்பாள். மூடிய கையைக் கண்டால் மனசு குளிர்ந்துவிடும். ஒரு பிள்ளை உள்ளே வேலை பார்த்துக்கொண்டிருக்கிறது என்று வெளியே தெரிகிற அடையாளம் வேறு எங்கே கிடைக்கும்?

அந்த வகுப்பில் நாச்சியா என்று ஒரு பெண் இருந்தாள். பெயரை வருகைப் பதிவில் பார்த்ததும் நஸீம் பானுவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. விசாரித்தால், அவளுடைய பாட்டனாருக்குக் காரைக்கால். துணி வியாபாரத்துக்கு வந்து, போர் முடிந்து ஆட்சி மாறி எல்லோரும் கப்பலேறிப் போன எழுபத்தைந்திலும் போகாமல் இங்கேயே தங்கிவிட்ட குடும்பம். வாப்பா அப்துல் குத்தூஸ் பெரிய பள்ளிவாசலுக்கு எதிர்ச் சந்தில், ஃபோ என்கிற நூடுல்ஸ் சூப் விற்கும் ஹலால் கடை வைத்திருக்கிறார். தாய் வியட்நாம்காரி. அந்தப் பிள்ளைக்குத் தமிழ் தெரியும், வீட்டில் வாப்பாவோடு பேசுகிற அளவுக்கு.

ஆனால் எந்த மொழியிலும் பேச மாட்டாள். முன்பு படித்த இடத்தில் தப்பாகப் பதில் சொன்னால் மணி அடிக்கும்வரை நிற்க வைப்பார்களாம். நின்று நின்று, வாய் திறக்காமல் இருப்பதே உத்தமம் என்று கற்றுக்கொண்டிருந்தாள். நஸீம் பானு அவளைக் கட்டாயப்படுத்தவில்லை. இரண்டு மாதம் கழித்து ஒரு நாள் நாச்சியாவின் முழங்கை மேசைமேல் ஊன்றியது. முன்கை நின்றது. நுனியில் மூடிய கை, பாக்கை வைத்து மூடினாற்போல இறுக்கமாக. நஸீம் பானு எல்லோரையும் கேட்டுவிட்டு அவளிடம் திரும்பி வந்தாள். இன்னும் மூடித்தான் இருந்தது. "சரிம்மா, யோசி" என்று போய்விட்டாள். மறுநாளும் அப்படித்தான். வியட்நாமியப் புத்தாண்டான டெட் பண்டிகைக்குப் பள்ளி மூடுவதற்கு முந்தின வாரம் நாச்சியாவின் விரல்கள் ஒன்று ஒன்றாகப் பிரிந்தன. எழுந்து, ஆங்கிலம் பாதி வியட்நாமியம் பாதியாக, கால் பங்கைவிட மூன்றில் ஒரு பங்கு ஏன் பெரிது என்று சொன்னாள். சரியான பதில். வகுப்பு கைதட்டியது. அன்றைக்கு வீட்டுக்கு வந்து நஸீம் பானு சலாஹுதீனிடம் சொல்லிச் சொல்லி அழுதாள். அவன், "புள்ள பேசுனதுக்கா அழுவுறே? நீ பேசும்போது நான்ல அழுவணும்" என்றான்.

இப்படி நன்றாகப் போய்க்கொண்டிருந்ததைக் கெடுத்தது யார் என்றால், யாரும் கெட்டவர்கள் இல்லை. அதுதான் இந்தக் கதையில் உள்ள கஷ்டம்.

டெட் விடுமுறை முடிந்து பள்ளி திறந்ததும் துணைத் தலைமையாசிரியை ஹான் கூப்பிட்டனுப்பினார். அங்கே ஒரு வழக்கம் உண்டு. வருஷத்தில் ஓரிரு முறை ஒரு டீச்சரின் வகுப்பில் பெரியவர்கள் வந்து பின்வரிசையில் உட்கார்ந்து பார்ப்பார்கள். அன்று நடத்தப்போகிற பாடத்தை முன்னாலேயே பிள்ளைகளோடு நடத்திப் பார்த்துவிடுவதும் உண்டு. யார் எதற்கு எழுந்து எதைச் சொல்வது என்பதுவரை பேசிவைத்துவிடுவார்கள். அதை ஏமாற்று வேலை என்று யாரும் நினைப்பதில்லை. விருந்தாளி வருமுன் வீட்டைக் கூட்டி வைக்கிற மாதிரி அது ஒரு மரியாதை.

"உங்கள் முறையை அடுத்த வருஷம் மற்ற வகுப்புகளுக்கும் கொண்டுபோக நான் பேசிக்கொண்டிருக்கிறேன்" என்றார் ஹான். உண்மையாகவே பேசிக்கொண்டிருந்தார். நஸீம் பானுவுக்காக மேலிடத்தில் அவர் வாங்கிக்கட்டிக்கொண்டது கொஞ்சமில்லை. "வெளியிலிருந்து மூன்று பேர் வருகிறார்கள். நன்றாக அமைந்தால் நீங்கள் உங்கள் போக்கில் போகலாம். இல்லாவிட்டால் எல்லோரையும்போல அச்சடித்த பாடத் திட்டத்தைத்தான் நீங்களும் நடத்த வேண்டியிருக்கும். ஒரே ஒரு விஷயம். அந்த மூடிய கை. எனக்குப் புரிகிறது. வருகிறவர்களுக்குப் புரியாது. பாதி வகுப்புக்குப் பதில் தெரியவில்லை என்று எழுதிவிட்டுப் போய்விடுவார்கள்."

"நான் முதலிலேயே விளக்கிச் சொல்லிவிடுகிறேன்."

"விளக்கத்தைக் கேட்க அவர்கள் வரவில்லை, பார்க்க வருகிறார்கள். ஒரே ஒரு நாள், கோ பானு."

அன்றைக்கு மாலை சாப்பாட்டில் உட்கார்ந்து சலாஹுதீனிடம் சொன்னாள். அவன் ஆணத்தில் சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டான்.

"அதுக்கென்ன? பொண்ணு பாக்க வரும்போது பக்கத்து வீட்டு சோபாவைத் தூக்கியாந்து போடுறதில்லையா. போட்டுக்க."

"தப்பில்லைங்கிறீங்களா?"

"தப்பு இல்ல. ஆனா கல்யாணம் முடிஞ்சு வர்ற மாப்பிள்ளை, அந்த சோபா எங்கேன்னு கேப்பான். அதுக்குப் பதில் வச்சுக்க."

அவள் சிரித்துவிட்டாள். அவன் விளையாட்டாகச் சொன்னான், அவளும் விளையாட்டாகத்தான் எடுத்துக்கொண்டாள். இந்த ஒரு வகுப்பை ஒப்பேற்றிவிட்டால் முறை பிழைக்கும், அடுத்தடுத்த வருஷத்துப் பிள்ளைகளும் பிழைப்பார்கள் என்று அவளுக்கு அவளே சமாதானம் சொல்லிக்கொண்டாள். மனசு என்பது நல்ல வக்கீல், எந்தப் பக்கத்துக்கும் வாதாடும்.

மறுநாள் பிள்ளைகளிடம் சொன்னாள். நாளை மறுநாள் விருந்தாளிகள் வருகிறார்கள். பாடம், இரண்டு பின்னங்களில் எது பெரிது என்று பார்ப்பது. ஐந்தில் மூன்று பெரிதா, ஏழில் நான்கு பெரிதா என்று நான் கேட்பேன். எல்லோரும் கை தூக்க வேண்டும். எல்லாக் கையும் விரித்த கையாக இருக்கட்டும். தூங், நீ எழுந்து, பகுதியைப் பொதுவாக்கி, முப்பத்தைந்தில் இருபத்தொன்று, முப்பத்தைந்தில் இருபது என்று விளக்க வேண்டும்.

"தெரியாதவங்களும் விரிக்கணுமா, கோ?" என்று தூங் கேட்டான்.

"ஆமாம். ஒரு நாள் மட்டும்."

"அப்ப மூடின கை?"

"அன்றைக்கு வேண்டாம்."

தூங் தோளைக் குலுக்கிக்கொண்டான். அவனுக்கு வேஷம் போடுவது பிடிக்கும். பிள்ளைகள் ஒத்திகையை உற்சாகமாகவே செய்தார்கள். நாச்சியா மட்டும் கேள்வி கேட்டதும் பழக்கத்தில் கையை மூடினாள். "விரிச்சு வைம்மா" என்று தூரத்திலிருந்தே தமிழில் சொன்னாள் நஸீம் பானு. அந்த வகுப்பில் அவர்கள் இருவருக்கு மட்டும் புரிகிற மொழி. அதுவரை அந்த மொழியில் அவள் அந்தப் பிள்ளையை ஏவியதே இல்லை.

அந்த நாள் வந்தது. மார்ச் மாத வெயில், ஜன்னல் திரைகளை இழுத்துவிட்டிருந்தார்கள். பின்வரிசையில் மூன்று விருந்தாளிகளும் ஹானும் உட்கார்ந்திருந்தார்கள். பிள்ளைகள் முதுகு வளையாமல், கைகளை மேசைமேல் ஒன்றின்மேல் ஒன்றாக மடக்கி, பொம்மைக் கொலு மாதிரி இருந்தார்கள். பாடம் வழுக்கிக்கொண்டு போனது. கேள்வியைக் கரும்பலகையில் எழுதித் திரும்பினாள்.

கைகள் எழுந்தன. முப்பது கைகள் ஒரே நேரத்தில், விரிந்து. பார்க்க அழகாகத்தான் இருந்தது. அந்த அழகுக்கு நடுவே, மூன்றாவது வரிசையில், ஒரு மூடிய கை.

நாச்சியா கரும்பலகையையே பார்த்துக்கொண்டிருந்தாள். உதடுகள் அசைந்தன. இடது கை விரல் மேசைமேல் எதையோ கோடு போட்டு வெட்டிக்கொண்டிருந்தது. விருந்தாளிகளில் கண்ணாடி போட்டவர் தலையைச் சாய்த்து அந்தக் கையைப் பார்த்தார். பிறகு ஹானைப் பார்த்தார்.

நஸீம் பானு வரிசைகளுக்கு நடுவே நடந்தாள். சிரித்த முகமாகத்தான் நடந்தாள். நாச்சியாவின் மேசைக்குப் பக்கத்தில் நின்று, வகுப்பை நோக்கி, "ஆகா, எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கிறது!" என்று சொல்லிக்கொண்டே, தன் கையால் அந்தச் சின்னக் கையைப் பிடித்து, விரல்களைப் பிரித்தாள். சுண்டு விரல், மோதிர விரல், நடு விரல். வலிக்கும்படி பிரிக்கவில்லை. மெதுவாக, சட்டையில் ஒட்டிய நூலை எடுப்பதுபோல. பிள்ளை நிமிர்ந்து பார்த்தது. உள்ளங்கை வேர்த்திருந்தது.

"தூங், நீ சொல்" என்றாள்.

தூங் எழுந்து, முப்பத்தைந்தில் இருபத்தொன்று என்று மணி மணியாகச் சொன்னான். விருந்தாளிகள் தலையாட்டினார்கள். மணி அடித்தது. அவள் நாச்சியாவிடம் திரும்பிப் போகவில்லை. மறந்துவிடவில்லை. பார்த்தாள், நேரமில்லை என்று நினைத்தாள், போகவில்லை.

விருந்தாளிகள் வாயாரப் புகழ்ந்தார்கள். முழு வகுப்பும் பாடத்தில் ஈடுபட்டிருந்தது, ஒரு பிள்ளைகூடக் கை தூக்காமல் இல்லை, இதுவல்லவா வகுப்பு என்றார்கள். ஹான் அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். அடுத்த வருஷம் அவள் போக்கிலேயே நடத்தலாம், மற்ற டீச்சர்களும் வந்து பார்த்துக் கற்றுக்கொள்ளப்போகிறார்கள். நஸீம் பானு போகிற வழியில் இனிப்பு வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

திங்கட்கிழமை கரும்பலகையில் ஒரு புதுக் கணக்கை எழுதிவிட்டுத் திரும்பினாள். எழுதி முடித்த சுண்ணாம்புக்கட்டியை வைப்பதற்குள் கைகள் எழுந்துவிட்டன. எல்லாம் விரித்த கைகள்.

அவளுக்கு ஒரு கணம் பெருமையாகக்கூட இருந்தது. ஒரு பையனைக் கேட்டாள். எழுந்து நின்று விழித்தான். பக்கத்துப் பெண்ணைக் கேட்டாள். அவளுக்கும் தெரியவில்லை. இன்னொருவன், இன்னொருத்தி. யாருக்கும் தெரியவில்லை, யாரும் வெட்கப்படவும் இல்லை. டீச்சர் கேட்டால் கையை விரித்துத் தூக்க வேண்டும், பதில் சொல்ல வேண்டியவன் எவனோ சொல்வான் என்று இருந்தார்கள்.

"கணக்கை இன்னும் படிக்கவே இல்லையே, அதற்குள் எதற்குத் தூக்கினாய்?" என்று ஒரு சிறுவனைக் கேட்டாள்.

அவன், இதென்ன கேள்வி என்பதுபோல, "எல்லாரும் தூக்கினாங்க, கோ" என்றான்.

அந்த வாரம் முழுவதும் அப்படியே. மறு வாரமும். வேலைகளைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால், "எது சரியானது, கோ?" என்று கேட்டார்கள். யாரோடு உட்காருவது என்றுகூட அவள் வாயைப் பார்த்தார்கள். எத்தனையோ மாதம் பாடுபட்டு வளர்த்தது ஒரு பீரியடில் போய்விட்டது. முறையைக் காப்பாற்றப் போய் முதலுக்கே மோசம். இனி யாருக்குத் தெரியும், யாருக்குத் தெரியாது, யார் யோசிக்கிறார்கள் என்று கண்டுபிடிக்க அவளிடம் எந்த வழியும் இல்லை. முப்பது கைகள் விரிந்த காடு அவள் முன்னால் நின்றது. அதைப் பார்த்துக் கற்றுக்கொள்ள வாரம் ஒரு டீச்சர் வந்து பின்னால் உட்கார்ந்து, "அற்புதம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நாச்சியா கையைத் தூக்கவே இல்லை. விரித்தும் தூக்கவில்லை, மூடியும் தூக்கவில்லை. இரண்டு கைகளையும் மேசைமேல் அழகாக மடக்கி வைத்துக்கொண்டு, கரும்பலகைக்கு மேலே எங்கோ பார்த்தாள். கேட்டால் எழுந்து நின்றாள். சும்மா நின்றாள். உட்காரச் சொன்னால் உட்கார்ந்தாள்.

ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ தொழுகை முடிந்து கூட்டம் கலைந்த பிறகு, நஸீம் பானு எதிர்ச் சந்துக் கடைக்குப் போனாள். அப்துல் குத்தூஸ் இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர். வாப்பாவிடம் கேட்டுப் பழகிய பழைய காரைக்கால் தமிழ், அங்கங்கே பிரெஞ்சு.

"போன்ழூர் டீச்சரம்மா, வாங்க, வாங்க. பசியாறிட்டீங்களா? உக்காருங்க."

"இருக்கட்டும், நானா" என்று அண்ணன் முறை வைத்துச் சொன்னாள். "நாச்சியா எங்க?"

"ஓதப் போயிருக்கா. அவளப் பத்தி நானே வந்து சொல்லணும்னு இருந்தேன். ரொம்ப மெர்சி டீச்சரம்மா. அன்னிக்கு எக்கோல்ல, அதான் பள்ளிக்கூடத்துல, யாரோ பெரிய மனுசங்கள்லாம் வந்தாங்களாமே, அன்னிக்குச் சாயங்காலம் வந்து ரெண்டு ரொட்டிய எடுத்தா. யாவாரத்துக்கு வச்சிருந்த ரொட்டி. ஒண்ண அஞ்சா வெட்டுனா, ஒண்ண ஏழா வெட்டுனா. என்னப் புடிச்சு உக்கார வச்சுட்டா."

"என்ன சொன்னா?" என்று கேட்டாள் நஸீம் பானு.

அவர் கைகளால் காற்றிலேயே ரொட்டியை வெட்டிக் காட்டினார். "அஞ்சுல மூணு, பாதிக்கு மேல அரைத் துண்டுதானாம். ஏழுல நாலும் பாதிக்கு மேல அரைத் துண்டுதானாம். ஆனா அஞ்சா வெட்டுனா துண்டு பெருசு, ஏழா வெட்டுனா சின்னது. பெரிய துண்டுல அரை பெருசுதானே, அதனால அஞ்சுல மூணுதான் பெருசுங்குறா. சரியா டீச்சரம்மா? எனக்கு எங்க தெரியுது, கெட்டுப்போனது ரெண்டு ரொட்டி, அது மட்டுந்தான் தெரியுது." சிரித்தார்.

சரிதான். பகுதியைப் பொதுவாக்காமல், பெருக்காமல், பாதியை நடுவில் வைத்து இரண்டையும் அளந்திருக்கிறாள். இத்தனை வருஷத்தில் நஸீம் பானுவிடம் எந்தப் பிள்ளையும் இப்படிச் சொன்னதில்லை. அவளுக்கே தோன்றியதில்லை. மேசைமேல் கோடு போட்டு வெட்டிக்கொண்டிருந்த அந்தச் சின்ன விரல் அவள் கண்ணுக்குள் வந்து நின்றது. இன்னும் ஒரு நிமிஷம் விட்டிருந்தால் போதும்.

"வகுப்புல சொன்னியாம்மான்னு கேட்டேன்" என்றார் அப்துல் குத்தூஸ். "'கோ வந்து என் கையத் தொறந்து விட்டுட்டுப் போனாங்க வாப்பா, திரும்பி வரல'ன்னா. வேலையிருந்திருக்கும்மா, பெரிய ஆளுங்க வந்த நாளுல்லன்னு சொன்னேன்."

அவர் குறையாகச் சொல்லவில்லை. அவளுக்காகப் பரிந்து பேசியிருந்தார். அதுதான் அவளால் தாங்க முடியாமல் போனது. அவர் கொண்டுவந்து வைத்த ஃபோ ஆறிக்கொண்டிருந்தது. கையலம்பப் போகிறவள்போல் எழுந்து போய், குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதாள்.

இரண்டு நாளும் யோசித்தாள். என்ன யோசித்தாலும் கண் கெட்ட பிறகு செய்கிற சூரிய நமஸ்காரம்தான். ஆனாலும் செய்யாமல் இருக்க முடியாது. திங்கட்கிழமை வகுப்பில் நுழைந்து, பாடப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, பிள்ளைகளுக்கு முன்னால் நின்றாள்.

"விருந்தாளிகள் வந்த நாளில் நான் ஒரு தப்புச் செய்துவிட்டேன்" என்றாள். "தெரியாவிட்டாலும் கையை விரிக்கச் சொன்னேன். அது பொய். மூடிய கையிடம் திரும்பி வருவேன் என்று வாக்குக் கொடுத்திருந்தேன். அன்றைக்குத் திரும்பி வரவில்லை. மன்னித்துவிடுங்கள். இனிமேல் பழையபடியே. தெரிந்தால் விரியுங்கள், யோசித்தால் மூடுங்கள். ஒன்றுமே தோன்றாவிட்டால் தூக்கவே வேண்டாம். யாரையும் எதுவும் சொல்ல மாட்டேன்."

பிள்ளைகள் கவனமாகக் கேட்டுக்கொண்டார்கள். டீச்சர் ஒருத்தி மன்னிப்புக் கேட்டு அவர்கள் பார்த்ததில்லை. தூங் வாயைத் திறந்தபடி இருந்தான். அவளுக்கு மார்பில் இருந்த கல் கொஞ்சம் இறங்கினாற்போல் இருந்தது. கரும்பலகைப் பக்கம் திரும்பி ஒரு கணக்கை எழுதினாள். கஷ்டமான கணக்கு இல்லை, போன மாதமே எல்லோரும் போட்ட கணக்குதான். பாதிப் பேர் விரிப்பார்கள், சிலர் மூடுவார்கள், ஓரிருவர் தூக்க மாட்டார்கள். அப்படி ஒரு கலவையான, ஒழுங்கில்லாத வகுப்பைப் பார்க்க அவளுக்கு அவ்வளவு ஆசையாக இருந்தது.

திரும்பினாள்.

தூங் மூடிய கையைத் தூக்கியிருந்தான். அவன் பக்கத்திலிருந்தவனும் மூடிய கை. முன்வரிசை முழுவதும் மூடிய கைகள். பின்வரிசை முழுவதும். தெரிந்தவன், தெரியாதவன், கணக்கைப் பார்த்தவன், பார்க்காதவன், எல்லோரும் ஒரே நேரத்தில், ஒரே உயரத்தில், கைகளை இறுக மூடிக்கொண்டு அவள் முகத்தையே பார்த்தார்கள். இந்தத் தடவை டீச்சருக்கு வேண்டியது இதுதான் என்று புரிந்துகொண்ட முகங்கள். சரியாகச் செய்தோமா என்று கேட்கிற முகங்கள்.

நாச்சியாவின் கையும் மூடித்தான் இருந்தது. எத்தனையோ வாரத்துக்குப் பிறகு அந்த முழங்கை மேசையில் ஊன்றியிருந்தது. அவள் மட்டுமாவது உண்மையாக மூடியிருப்பாளோ என்று நஸீம் பானுவின் மனசு அடித்துக்கொண்டது. நேராக அவளிடம் போனாள். மேசைக்குப் பக்கத்தில் குனிந்தாள்.

"சொல்லும்மா" என்றாள் தமிழில். "என்ன யோசிக்கிறே?"

நாச்சியா கழுத்தைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தாள். பிறகு யாருக்கும் கேட்காதபடி, அவள் காதோடு, தமிழிலேயே கேட்டாள்.

"டீச்சர், இன்னிக்கு யாரு பாக்க வர்றாங்க?"

பின்வரிசைக்குப் பின்னால் நான்கு நாற்காலிகள் காலியாகக் கிடந்தன.

"யாரும் வரலைம்மா" என்றாள் நஸீம் பானு. "யாருமே வரல."

நாச்சியா தலையாட்டினாள். பெரியவர்கள் சொன்னால் தலையாட்ட வேண்டும் என்று தெரிந்த பிள்ளை. எதற்கும் இருக்கட்டும் என்று, கையை மூடியபடியே, முதுகை நிமிர்த்தி உட்கார்ந்துகொண்டாள்.